கட்டியிடம் கேட்ட வாக்கு

என்னைப் பற்றி என்னிடம் கேட்காமல் என் கட்டியிடம் கேட்டார்கள். அதுவும் ஏதோ சொல்லிவிட்டது. அதன் பிறகு எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் நான் சொன்னதற்கு மரியாதை இல்லை, அது சொன்னதற்குத்தான் மரியாதை. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்காவிட்டாலும் சரி.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். ஒரே ஷெட்தான். நாமக்கல் சீமையில் ஒரு ஷெட்டை வைத்துக்கொண்டு பண்ணை என்று சொன்னால் வாய்க்குள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தீவனம், கரண்டு, முட்டை லாரி என்று வெளிவேலையெல்லாம் வீட்டுக்காரர் பார்ப்பார். கோழி என் பொறுப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் எங்களுக்குத் தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். அதில் முதல் ஆள் என் அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவர் குஞ்சு ஏஜெண்டு. குஞ்சு பொரிக்கும் ஹேட்சரிக்கும் பண்ணைக்காரர்களுக்கும் நடுவில் நிற்கிறவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் யார் ஷெட்டுக்கு எந்த மாதம் எத்தனை குஞ்சு என்பதை அவர்தான் பதிவு போடுவார். முட்டைக்கோழிக் குஞ்சு நினைத்தவுடன் கிடைக்காது, சில மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். குஞ்சு வந்தால் வளர்ந்து முட்டை வைத்து ஓயும்வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த முழுக் காலத்தையும் ஒரு பேட்ச் என்போம். ஆக, குஞ்சுக்குச் சொல்லி வைப்பது என்றால், வரப்போகிற இரண்டு வருடத்துக்கு நான் இங்கே இருக்கப்போகிறேன் என்று சொல்லி வைப்பது. மற்றவர்களுக்கு இது தோன்றுமோ என்னவோ, எனக்கு அந்த வருடம்தான் தோன்றியது.

முதலில் இருமல் வந்தது. கோழிப் பண்ணையில் இருமாதவர் யார்? தூசி என்று விட்டோம். விலாவுக்குள் வலி வந்த பிறகு சேலத்தில் ஸ்கேன் எடுத்தோம். கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் கட்டி, புற்று. சீக்கிரமே தெரிந்தது உங்கள் நல்ல காலம் என்று சொல்லி, வலது நுரையீரலின் மேல் பாகத்தை வெட்டி எடுத்தார்கள். அந்த நல்ல காலத்தில்தான் ஒரு மாதம் நிமிர்ந்து உட்கார முடியாமல் கிடந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ஏனுங்க அக்கா, ஊட்டுக்காரரு பீடி குடிப்பாருங்களா?"

குடிக்க மாட்டார். நானும் குடித்ததில்லை. அப்புறம் எப்படி வந்தது என்பார்கள். "கேட்டுச் சொல்றேனுங்க" என்பேன். டாக்டரிடம் கேட்டும் பார்த்தேன். புகையே தெரியாத பெண்களுக்கும் இது வருகிறது, காரணம் எல்லா நேரமும் சொல்ல முடிவதில்லை என்றார். கோழிக்குப்பைக் காற்றா என்று கேட்டதற்கும் தெரியாது என்றுதான் சொன்னார். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது.

அவர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். "எடுத்த கட்டியில ஒரு துண்ட மெழுகுல பதிச்சு வெச்சிருக்கோம்மா. அதுக்குள்ள எந்தெந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்க்கிற ஆராய்ச்சி ஒண்ணு எங்ககிட்ட நடக்குது. கட்டி திரும்ப வர வாய்ப்பு எப்படின்னு ஒரு கணிப்பு கிடைக்கும். உங்களுக்குச் சம்மதம்னா அனுப்பறோம்."

"எனக்கு ஊசி குத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம். கட்டியத்தான் கேப்போம்."

சரி, கேளுங்கள் என்றேன். என் உடம்பில் சொல்லாமல் கொள்ளாமல் குடியிருந்தது, அதற்கும் வாய் இருந்தால் பேசட்டுமே என்று நினைத்தேன்.

முடிவு வந்த அன்று அந்த அறையில் நான், வீட்டுக்காரர், அண்ணன் மூன்று பேரும் இருந்தோம். டாக்டர் நேராகச் சொன்னார். என் கட்டியில் சில ஜீன்கள் அளவுக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தனவாம். சில ஜீன்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லையாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், திரும்பி வர வாய்ப்பு அதிகமுள்ள வகையில் என் கட்டி சேருகிறது என்றார். வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு எண்ணும் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அது என்னுடைய எண் இல்லை. என்னைப் போல் கட்டி இருந்த எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட எண்.

இதை நானாகச் சொல்லவில்லை, டாக்டரே சொன்னார். "இது உங்களுக்குன்னு சொல்ற ஜோசியம் இல்லம்மா. இப்படிப்பட்ட கட்டி இருந்தவங்க கூட்டத்துக்குச் சொல்றது. அந்தக் கூட்டத்துல நீங்க கட்டி திரும்ப வந்தவங்க பக்கமா, வராதவங்க பக்கமான்னு இதால சொல்ல முடியாது."

எனக்கு உடனே புரிந்தது. ஷெட்டில் இன்றைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முட்டை என்று வீட்டுக்காரர் கணக்குச் சொல்வார். எந்தப் பத்துக் கோழி முட்டை வைக்கவில்லை என்று அந்தக் கணக்குக்குத் தெரியுமா? தெரியாது. அது ஷெட்டுக்குச் சொன்ன கணக்கு.

அப்படியானால் இதனால் என்ன பயன் என்று கேட்டேன். கட்டியின் அளவை மட்டும் பார்த்திருந்தால் கீமோ வேண்டாம் என்று விட்டிருப்போம், இது ஒன்றை மட்டும் வைத்தும் முடிவு செய்வதில்லை, ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன் என்றார். கொடுங்கள் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் அந்த அறையில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் காதில் வாங்கியிருந்தார். ஜீன்.

கார் அவினாசி தாண்டும்போது ஆரம்பித்தார். "அம்மிணி, ஜீனுலயே கோளாறுன்னா என்ன பண்ண முடியும்? பிரீடே சரியில்லைன்னா தீவனத்த மாத்தி என்ன, மருந்த மாத்தி என்ன. இத்தன வருசமா குஞ்சு போடறவன், எனக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். கோழிக்காரனுக்கு ஜீன் என்றால் பிரீடு. பிரீடு என்றால் தாய்க்கோழி, தகப்பன் சேவல், எந்தக் கம்பெனி வம்சம் என்பது. வம்சத்தில் பிசகு என்றால் அந்த பேட்ச் முழுக்கப் பிசகு. அதற்கு வைத்தியம் கிடையாது, கழித்துக் கட்டுவதுதான் வழி. அண்ணன் ஆஸ்பத்திரியில் கேட்டதை அப்படியே ஹேட்சரிக் கணக்கில் எழுதிக்கொண்டார். சங்ககிரி வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். அவரும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அங்கேதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் சேலத்துக்குப் போய்த் தன் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுத்தமாக இருந்ததாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் வந்தபோது எதிரில் உட்கார வைத்துச் சொன்னேன்.

"அண்ணா, அந்த டெஸ்டு என்னோட ரத்தத்துல எடுக்கல. நம்ம அப்பா அம்மா குடுத்ததப் பத்தி அது ஒண்ணுஞ் சொல்லல. வெட்டி எடுத்த கட்டியில எடுத்தது. குஞ்சு வந்தெறங்கற அன்னைக்கே முட்டை வெக்கற ஜீன் அதுக்குள்ள இருக்குதுங்களா இல்லைங்களா?"

"இருக்குது."

"அன்னைக்கே முட்டை வெக்குதுங்களா?"

"அதெப்புடி வெக்கும். வயசு வரோணும், லைட்டு போடற நேரத்தக் கூட்டோணும்."

"அவ்வளவுதான். இருக்கறது வேற, வேல செய்யறது வேற. கட்டியில எது எது முழிச்சிட்டிருந்துச்சு, எது தூங்கிட்டிருந்துச்சுன்னு பாத்திருக்கறாங்க. பிரீடு பாக்கல."

தாடையைத் தடவிக்கொண்டார். "அப்ப எனக்கு வராதா?"

"வருமோ வராதோ, எனக்கென்ன தெரியும்? என்ற ரிப்போர்ட்டுல உங்க பேரு இல்லைங்கண்ணா."

தனக்கு இல்லை என்றதும் தெளிந்துவிட்டார். எனக்கு உண்டு என்பதில் இன்னும் உறுதியாகிவிட்டார். மனித புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எங்கள் பழைய பேட்ச் ஓய்ந்து, கழிவுக்கோழியாக வியாபாரிக்குப் போய்விட்டது. ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காலியாக விட்டிருந்தார் வீட்டுக்காரர். அடுத்த பேட்சுக்குப் பதிவு போடச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். போடவில்லை. அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். கடைசியில் வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசியிருக்கிறார். "மாப்ள, ரிப்போர்ட்டு அப்புடி வந்திருக்கறப்ப எதுக்குக் குஞ்சு? ஷெட்ட லீசுக்கு உடுங்க. ஆளு நான் கூட்டியாறேன்." என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

அந்த நாட்களில் உறவுக்காரர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் தினமும் அதைப் பார்க்கிறவள். கூண்டுக்கு முன்னால் நின்று கொண்டை சுருங்கியிருக்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். சந்தேகம் வந்தால் வெளியே எடுத்து, பின்பக்கத்து இரண்டு எலும்புக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்ப்பேன். இரண்டு விரல் நுழைந்தால் முட்டை வைக்கிற கோழி, நுழையாவிட்டால் கழிவு. கோழியை நான் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது, அது என் தீவனத்தைத் தின்கிறது. இவர்கள் தீவனத்தை நான் எப்போது தின்றேன்?

எல்லோரும் வாயால் "ஒண்ணும் ஆகாதுங்க அக்கா, தைரியமா இருங்க" என்றார்கள். ஷெட்டை மட்டும் காலியாக வைக்கச் சொன்னார்கள்.

கீமோ தொடங்குவதற்கு முன்னால் முனியப்பனுக்குக் கிடா வெட்ட வேண்டும் என்றார் அண்ணன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாமியோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்தோம். அண்ணன் வாங்கி வந்த கருப்புக் கிடா நல்ல உயரம். மாலை போட்டுச் சாமிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

எங்கள் பக்கம் கிடாயைச் சும்மா வெட்ட மாட்டார்கள். தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, கேட்க வேண்டியதைச் சாமியிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கிடா உடம்பை உதறிக் குலுக்கினால் சாமி சரி என்று சொன்னதாக அர்த்தம். துளுக்குக் கொடுத்துவிட்டது என்பார்கள். குலுக்காவிட்டால் வெட்டக் கூடாது.

என் உடம்பு தேற வேண்டும் என்றுதான் அண்ணன் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கும்பிட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சாமி, அம்மிணிக்கு இனி இந்தக் கோழிப் பாரம் வேண்டாம், ஷெட்ட உட்டுப்போட்டு நிம்மதியா இருக்கட்டும்னா துளுக்குக் குடு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் பாரம் என்னவென்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவே இல்லை.

கிடா அசையவில்லை. வாயில் இருந்த தழையை மென்றுகொண்டு நின்றது. அண்ணன் இன்னொரு தடவை தெளித்தார். அசையவில்லை. முனியப்பா, முனியப்பா என்று சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். சொம்பைக் கவிழ்த்து முதுகு முழுக்க நனைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, ஈரம் பொறுக்காமல், கிடா ஒரு உதறு உதறியது.

"பாத்தியா அம்மிணி" என்றார் அண்ணன். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

நான் எழுந்தேன். தையல் போட்ட இடம் இழுத்தது. இன்னொரு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போய்க் கிடாயின் தலையில் ஊற்றினேன். எங்கள் பக்கம் பொம்பளை கையால் கேட்கிற வழக்கம் இல்லை. பூசாரி கையை நீட்டித் தடுக்க வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

"முனியப்பா, நானும் கேக்கறேன். ஷெட்டுல குஞ்சு உடலாம்னா துளுக்குக் குடு."

ஏற்கெனவே நனைந்து நின்ற கிடா. உடனே தலை முதல் வால் வரைக்கும் உதறியது. அண்ணன் வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

பூசாரி சொன்னார். "ரெண்டு பேருக்கும் உத்தரவு ஆயிப்போச்சுங்க. இனி உங்களுக்குள்ள பேசிக்கோங்க சாமி."

கிடாயை வெட்டினார்கள். கறிச்சோறு நன்றாக இருந்தது. சாப்பிடும்போது எனக்கு ஒன்று தோன்றியது. சாமி ஒரு தடவை சரி சொல்லாவிட்டால் இன்னொரு தடவை கேட்கிறோம். அதற்கும் சொல்லாவிட்டால் சொம்பைக் கவிழ்க்கிறோம். முனியப்பனே அப்படிக் காத்திருந்து பதில் சொல்கிறார். வெட்டி எறிந்த ஒரு கட்டி சொன்னதை மட்டும் ஒரே தடவை கேட்டுவிட்டு எல்லோரும் ஷெட்டைப் பூட்டக் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் எடப்பாடிப் பக்கத்து ஏஜெண்டு ஒருவருக்குப் போன் போட்டேன். வேறு ஹேட்சரிக்காரர். என் பெயரையும் ஊரையும் சொன்னதும் அவர் தயங்கினார். "உங்கண்ணனே இருக்கறப்ப எங்ககிட்டக் கேக்கறீங்களே" என்றார். அவர் போட மாட்டேன் என்கிறார், நீங்கள் போடுவீர்களா மாட்டீர்களா என்று கேட்டேன். போட்டார்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மச்சான் மூஞ்சியில எப்புடிப் புள்ள முழிக்கறது?" என்றார்.

"என்ற மூஞ்சியில முழிச்சீங்களா இத்தன நாளா?"

அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். "எந்த மாசம் குஞ்சு வருது?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப பல்பெல்லாம் மாத்தோணும். பாதி எரியறதில்ல" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

கோழித் தொழிலில் எதுவும் மறையாது. அன்று சாயங்காலமே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தாமலே இறங்கினார் என்று சொல்லலாம்.

"ஊரே சிரிக்குது. ஏஜெண்டு தங்கச்சி வெளியில குஞ்சு வாங்கறா."

"சிரிக்கட்டுங்கண்ணா."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது அம்மிணி. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மிதிக்கறப்ப வலிக்குதுங்கண்ணா."

அவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "பாதியில நீ போயிட்டீன்னா அந்தக் கோழிய யாரு பாக்கறது?"

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டு ஹார்லிக்ஸ் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்லவில்லை.

"கட்டி சொன்னது நெசமாவே இருக்கட்டுங்கண்ணா" என்றேன். "திரும்ப வரலாம்னு சொல்லியிருக்குது. வரட்டும். வர்ற வரைக்கும் நான் என்ன பண்ணோணும்னு அது சொல்லல. அத நாந்தான் சொல்லோணும். காலி ஷெட்டுக்கு முன்னால நாக்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு எப்ப வரும் எப்ப வரும்னு பாத்திட்டிருக்கவா? நான் போயிட்டா கோழிய வித்துப்போடுங்க. அதுக்கு நீங்க இருக்கறீங்க. உசுரோட இருக்கறவளோட ஷெட்ட எதுக்குங்க காலியா போடறீங்க?"

காபி வைத்திருந்தேன். குடிக்காமல் போய்விட்டார். பிறந்ததிலிருந்து நானும் அவரும் பேசாமல் இருந்ததில்லை. கீமோ முடிந்த பிறகும் பல மாதம் பேசவில்லை.

கீமோவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த தகரத்தை நக்கிய மாதிரி இருந்தது. கால் விரல்கள் மரத்துப் போயின. சில நாள் அழுதேன், பயந்துதான் அழுதேன். தைரியசாலி என்று என்னைப் பற்றி யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பயமும் பிடிவாதமும் எனக்குள் ஒன்றாகத்தான் இருந்தன, ஒன்று வந்ததற்காக மற்றது கிளம்பிப் போகவில்லை.

கீமோ நடக்கும்போது கோழி ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, தூசியும் கிருமியும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வைக்கவில்லை. நான் மீறியது என் அண்ணன் சொன்னதை, டாக்டர் சொன்னதை அல்ல. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் என்னை அடங்காப்பிடாரி என்று சொன்னவர்கள் உண்டு.

கடைசிக் கீமோவுக்கு முந்தி குஞ்சு வந்து இறங்கியது. வேனிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வீட்டுக்காரர் ஷெட்டில் கேமரா மாட்டி என் போனில் தெரியும்படி செய்துகொடுத்தார். கட்டிலில் படுத்துக்கொண்டே பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக ஒரே நடமாட்டம். ஒரு மூலையில் மட்டும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கும்பலாகக் கிடந்தன. குளிர் என்றால்தான் குஞ்சு அப்படிச் சேரும். போனைப் போட்டேன்.

"ஏனுங்க, வடக்கு மூலையில பல்ப எறக்குங்க. அங்க பாருங்க, அமுங்கிச் சாவுது."

"எறக்கறேன் புள்ள."

"இன்னும் கீழ."

கொஞ்ச நேரத்தில் அந்தக் கும்பல் கலைந்து தண்ணீர்ப் பக்கம் ஓடியது. அன்றைக்கு ஒரு டம்ளர் கஞ்சி முழுதாகக் குடித்தேன்.

கோழிகள் முட்டைக்கு வந்து நன்றாக வைக்கத் தொடங்கிய பிறகுதான் அண்ணன் வந்தார். வேறு ஹேட்சரிக் குஞ்சு அல்லவா, குறை கண்டுபிடிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். நேராக ஷெட்டுக்குள் போனார். இரண்டு மூன்று கோழியைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு நான் வாசலில் நின்றிருந்தேன். டாக்டர் அதற்குள் அனுமதி கொடுத்திருந்தார்.

"எடை பரவால்ல" என்றார். "நெம்பத் தண்ணி குடிக்குதே?"

"வெய்யிலுங்கண்ணா."

அவ்வளவுதான் எங்கள் சமாதானம். என் உடம்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. போகும்போது காபி குடித்துவிட்டுப் போனார்.

இது எல்லாம் முடிந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த பேட்ச் முழுக்க முட்டை வைத்து, ஓய்ந்து, போன மாதம் வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஷெட்டு மறுபடியும் காலி. போன வாரம் வழக்கம்போல் ஸ்கேனுக்குக் கோயமுத்தூர் போனோம். அதே டாக்டர். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் சின்னதா ஒரு புள்ளி தெரியுதும்மா. பழைய தழும்பா இருக்கலாம், சளியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம்."

தெரியாது என்பதை அவர் இன்னும் தெரியாது என்றுதான் சொல்கிறார்.

திரும்பும்போது அண்ணன் கார் ஓட்டினார். வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். பாட்டுப் போடவில்லை. அந்தப் புள்ளி எங்களோடு காரில் வருவது எனக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. கீமோ வாயில் வந்த அந்தத் தகர ருசி சும்மாவே வந்துவிட்டது.

குமாரபாளையம் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் அண்ணன் வண்டியை நிறுத்தினார். இறங்கி, டீ சொல்லிவிட்டு, என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒண்ணும் ஆகாது அம்மிணி என்று அவரும் சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று இருந்தது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஹேட்சரி நம்பரைத் தேடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த பேட்சுக்கு எத்தனன்னு சொல்லட்டும் அம்மிணி?"

"ஷெட்டு நெறையச் சொல்லுங்கண்ணா" என்றேன். "ஒரு கூண்டு காலியா இருக்கக்கூடாது."